பத்து மாதப் பெண் குழந்தை: எட்டாம் மாதத்திற்குப் பிறகு எடை சரியாக ஏறவில்லை

கேள்வி: தென்காசி அம்மா

எங்கள் மகள் நிறைமாதத்தில் 2.8 கிலோ எடையுடன் பிறந்தாள். ஆறாம் மாத முடிவில் 6.9 கிலோ, எட்டாம் மாதத்தில் 7.4 கிலோ என ஏறி வந்த எடை, பத்து மாதம் நிறைந்துள்ள இப்போது 7.6 கிலோவில் நிற்கிறது. நீளம் 71 செ.மீ. தவழ்கிறாள், பிடித்துக்கொண்டு நிற்கிறாள், தாய்ப்பாலும் குடிக்கிறாள். ஒன்பதாம் மாதத்தில் வயிற்றுப்போக்கு வந்து ஒரு வாரத்தில் சரியானது.

காலையில் இரண்டு தேக்கரண்டி கேழ்வரகு மாவை ஒரு தம்ளர் நீரில் காய்ச்சி, கருப்பட்டி சேர்த்துக் கொடுக்கிறேன். மதியம் ரசம் சாதத்தை மசித்துத் தண்ணீராகவும், மாலையில் பாலில் ஊறிய பிஸ்கட்டும், இரவில் அரை இட்லியும் கொடுக்கிறேன். பக்கத்து வீட்டில் இதே வயது ஆண் குழந்தை 9.5 கிலோ இருப்பதால், சத்து பானப் பொடி வாங்கிக் கொடுக்கும்படி வீட்டுப் பெரியவர்கள் வற்புறுத்துகிறார்கள். இந்த எடை ஆபத்தானதா, பொடி தேவையா என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: அங்கன்வாடி மேற்பார்வையாளர் (ஓய்வு)

பக்கத்து வீட்டுப் பையனை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், அம்மா. ஆணுக்கும் பெண்ணுக்கும் வளர்ச்சி வரைபடமே தனித்தனி. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகோலின்படி பத்து மாத ஆண் குழந்தையின் நடு எடை 9.2 கிலோ, பெண் குழந்தைக்கு 8.5 கிலோ. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை அளந்து அமைத்த அளவுகோல் என்பதால், 'அது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கானது' என்று ஒதுக்கவும் முடியாது.

பத்து மாதப் பெண் குழந்தை 6.7 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடைக்குறைவு என்போம். உங்கள் மகள் வளர்ச்சி அட்டையில் இயல்பான எடையைக் காட்டும் பச்சைப் பட்டைக்குள்தான் இருக்கிறாள், நீளமும் ஏறக்குறைய நடுக்கோட்டில் இருக்கிறது. ஆனால் பட்டையின் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு அட்டையை மூடி வைக்கும் பழக்கம் எங்கள் துறையிலேயே உண்டு, அது சரியல்ல. புள்ளிகளை இணைக்கும் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே முக்கியம். உங்கள் குழந்தையின் கோடு எட்டாம் மாதத்திலிருந்து படுக்கத் தொடங்கியிருக்கிறது. இரு முறையும் ஒரே தராசில், உடையில்லாமல்தான் எடை பார்த்தீர்களா? ஈரமான டயப்பரும் கால் கொலுசும் சேர்ந்தாலே கணக்கு மாறிவிடும்.

பதில் 2: குழந்தைநல மருத்துவர்

மேலே ஐயா சொன்னதை ஏற்கிறேன். எடை ஆபத்தான நிலையில் இல்லை. கடந்த இரண்டு மாதங்களின் தேக்கத்திற்கு வயிற்றுப்போக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்றாலும், நீங்கள் எழுதியுள்ள உணவைப் பார்த்தால் அதுவே பெரிய காரணமாகத் தோன்றுகிறது.

இந்த வயதில் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்ளும் அளவு, ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 மி.லி. உங்கள் மகளுக்கு அது ஏறத்தாழ 230 மி.லி., அதாவது ஒரு தம்ளர். இரண்டு தேக்கரண்டி மாவு, குவித்து எடுத்தாலும், 10 கிராமைத் தாண்டாது. அதில் கிடைப்பது 35 கலோரிக்கும் குறைவு. வயிறு நிறைந்துவிடுகிறது, குழந்தை திருப்தியாகத் தூங்கியும் விடுகிறது, ஆனால் உள்ளே போனது பெரும்பாலும் தண்ணீர். ஒன்பது முதல் பதினொரு மாதம் வரை தாய்ப்பாலுக்கு மேல் இணை உணவிலிருந்து மட்டும் நாளுக்குச் சுமார் 300 கலோரி கிடைக்க வேண்டும். கஞ்சி, ரசம் சாதம் என்று நீர்த்த உணவாகவே கொடுத்து அந்த அளவை எட்டுவது மிகக் கடினம்.

ஆகவே கரண்டியைச் சாய்த்தாலும் உடனே வழிந்து ஓடாத அளவுக்கு உணவு கெட்டியாக இருக்கட்டும். ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ ஏறத்தாழ 40 கலோரி தரும், அந்தத் தம்ளர் மாவுக்கஞ்சியை விட இது அதிகம். ரசத்திற்குப் பதிலாகக் குழைந்த பருப்பு சாதத்தில் நெய் விட்டு, கீரை அல்லது காய் மசித்துக் கொடுங்கள். வழக்கம் இருந்தால் முட்டை, முள் நீக்கிய மீன், சிறிதளவு கோழி ஈரல் ஆகியவற்றையும் தயங்காமல் சேர்க்கலாம். நாளுக்கு மூன்று அல்லது நான்கு வேளை உணவும், இடையில் ஓரிரு சிறு தீனியும் தேவை. நோய் வந்து தேறிய குழந்தைக்கு இரண்டு வாரமாவது ஒரு வேளை கூடுதலாகக் கொடுப்பது நல்லது.

இரும்புச்சத்தையும் மறக்கக் கூடாது. பிறக்கும்போது உடலில் சேர்ந்திருந்த இருப்பு ஆறாம் மாதத்தோடு ஏறக்குறைய தீர்ந்துவிடும், தாய்ப்பாலில் அது குறைவு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இரத்தசோகை பசியையும் குறைக்கும் என்பதால் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். அரசுத் திட்டத்தில் வாரம் இருமுறை 1 மி.லி. கொடுக்கப்படும் இரும்புச்சத்து சிரப்பைப் பற்றிக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள்.

பானப் பொடி தேவையில்லை, அவற்றில் பெரும்பகுதி சர்க்கரையும் மால்ட்டும்தான். பிஸ்கட்டுக்கும் அதே பதில். ஒரு வயது வரை கருப்பட்டியோ உப்போ சேர்க்க வேண்டிய அவசியமில்லை. தேன் அறவே கூடாது.

பதில் 3: இரு பிள்ளைகளின் தாய், மதுரை

டாக்டர் சொன்னபடி கேழ்வரகைக் கெட்டியாக்கினால் களிபோல் இறுகி, குழந்தை விழுங்கத் திணறும். எனவே முளைகட்டி, உலர்த்தி, இலேசாக வறுத்து அரைத்த மாவைப் பயன்படுத்துங்கள். முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால், அதே அளவு நீரில் அதிக மாவு சேர்த்தாலும் கஞ்சி இளக்கமாகவே இருக்கும். வெறும் மாவு கைவசம் இருந்தால், வெந்த கஞ்சியைச் சற்று ஆறவிட்டு ஒரு தேக்கரண்டி முளைகட்டிய மாவைக் கலக்கிப் பாருங்கள், கண்ணெதிரே நெகிழும். பிறகு மறுபடி ஒரு கொதி விட்டு இறக்குங்கள். துணியில் வடித்துக் கேழ்வரகுப் பால் எடுப்பதையும் இந்த வயதில் விட்டுவிடலாம், சத்தில் ஒரு பங்கு சக்கையோடு போய்விடுகிறது.

ஒரு வேண்டுகோள்: எடை ஏற வேண்டும் என்பதற்காக மடியில் கிடத்தி மூக்கைப் பிடித்துப் புகட்டாதீர்கள், கைப்பேசியைக் காட்டியும் ஊட்டாதீர்கள். வாயை மூடித் தலையைத் திருப்பினால் அந்த வேளை முடிந்தது என்று எழுந்துவிடுவது நல்லது.

தென்காசி அம்மா

அனைவருக்கும் நன்றி. நெய் சேர்த்தால் சளி பிடிக்கும் என்று மாமியார் அஞ்சுகிறார். அடுத்த எடையை எப்போது பார்க்க வேண்டும், டாக்டர்?

குழந்தைநல மருத்துவர்

நெய்யால் சளி பிடிக்காது, சளி வைரஸ் தொற்றால் வருவது. அரைத் தேக்கரண்டியில் தொடங்கினால் அவருக்கும் தைரியம் வரும். ஒரு மாதம் கழித்து அதே தராசில் பாருங்கள், வாராவாரம் பார்த்தால் வீண் கலக்கமே மிஞ்சும். 200 முதல் 300 கிராம் ஏறியிருந்தால் இப்படியே தொடரலாம். ஏறவில்லையென்றால் நேரில் காட்டிச் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். இந்த வயதில் சிறுநீர்த் தொற்று சில சமயம் காய்ச்சல்கூட இல்லாமல் எடையை மட்டும் தடுத்து நிறுத்தும். இடையில் மீண்டும் வயிற்றுப்போக்கோ தொடர் வாந்தியோ வந்தாலும், குழந்தை சோர்ந்து விளையாட்டைக் குறைத்தாலும், மாதம் முடியக் காத்திருக்க வேண்டாம்.