டிரெய்லர் எடை, சாலையோர உதவி, வேக அபராதம்: அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் கலிஃபோர்னியாவில், ஐ-5 நெடுஞ்சாலையின் கிரேப்வைன் ஏற்றத்தில், எங்கள் பிக்கப் இழுத்துச் சென்ற 7,200 பவுண்டு டிரெய்லரின் வலப்பக்க டயர் வெடித்து, பிய்ந்த ரப்பர் பட்டை சக்கரத்துக்கு மேலிருந்த தகட்டையும் கிழித்துவிட்டது. சாலையோர உதவிக்கு அழைத்தபோது, எங்கள் திட்டம் பிக்கப்புக்கு மட்டுமே செல்லும் என்றும், டிரெய்லரைத் தொட இயலாது என்றும் கூறிவிட்டதால், நான்கு மணி நேரம் வெயிலில் நின்றோம். (திட்டத்தின் பத்திரத்தை முன்பே படிக்காதது என் தவறுதான்.) மறுநாள், டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்கு அம்மாநிலத்தில் மணிக்கு 55 மைலே உச்சவரம்பு என்பதை மறந்து 66-இல் ஓட்டியதற்காக அபராதச் சீட்டும் கிடைத்தது.

டிரெய்லர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு இணைப்புக் கொக்கியில் இறங்க வேண்டும் என்பதும், அது பிக்கப்பின் சுமைத்திறனில் கழியும் என்பதும் தெரியும். ஓட்டுநர் கதவோர ஒட்டுத்தாளில் அந்தச் சுமைத்திறன் 1,480 பவுண்டு என்றிருக்கிறது. கொக்கிக்கு ஏறக்குறைய 940 போனபின் நாங்கள் நால்வர் ஏறினால் மிச்சமே இல்லை. லாரி நிறுத்தங்களின் எடைமேடையில் அச்சுவாரியாக எடை பார்த்தவர்கள், சாமான்களை எப்படி மாற்றி அடுக்கினீர்கள்? டிரெய்லரையும் சேர்த்து மீட்கும் உதவித் திட்டம் உங்களில் யாருக்கேனும் உண்மையிலேயே கைகொடுத்ததா? இத்தகைய அபராதத்துக்கு, ஓட்டுநர் பதிவில் குற்றப்புள்ளி தெரியாமலிருக்க எடுக்கும் போக்குவரத்துப் பயிற்சி வகுப்பை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதா? அபராதச் சீட்டுக்குப் பதிலளிக்க வேண்டிய கெடுவுக்கு இன்னும் மூன்று வாரமே உள்ளது.