ஜாஸ் சாக்ஸ்போன் கலைஞர் ரானி கியூபரை நேரில் கேட்டவர்கள் பகிருங்கள்

தொண்ணூறுகளில் நியூயார்க்கில் படித்துக்கொண்டிருந்தேன். லஃபயெட் தெருவில் டைம் கஃபே என்ற உணவகத்துக்கு அடியில் ஃபெஸ் என்று ஒரு கிளப். வியாழக்கிழமை இரவுகளில் அங்கே மிங்கஸ் பிக் பேண்ட் வாசிக்கும்; ஜாஸ் இசையமைப்பாளர் சார்லஸ் மிங்கஸின் இசையை வாசிக்கும் பெரிய குழு அது. பக்கத்தில் சுரங்க ரயில் கடந்து போவது நன்றாகவே கேட்கும்.

ஓர் இரவு மிங்கஸின் ‘மோனின்’ எடுத்தார்கள். அதைத் தொடங்குவது பாரிட்டோன் சாக்ஸ்போன் (தாழ்ந்த ஒலி கொண்ட பெரிய சாக்ஸ்போன்), தன்னந்தனியாக. அப்புறம்தான் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். 1959-ல் சார்லஸ் மிங்கஸ் பதிவு செய்தபோது தொடங்கி வைத்தவர் பெப்பர் ஆடம்ஸ். நான் கேட்டது ரானி கியூபர். மந்தர ஸ்தாயியில் அவ்வளவு கனம், ஆனாலும் ஒரு சுரம்கூடத் தாளத்துக்குப் பின்னால் இழுபடவில்லை. தனியாக வாசிக்கும் முறை வந்தபோது, அதைவிடச் சிறிய டெனர் சாக்ஸ்போன் வாசிப்பவர்களின் வேகத்தில் பறந்தார்.

அன்றிலிருந்து அவர் பெயர் போட்ட இசைத்தட்டுகளைத் தேடித் தேடி வாங்கினேன். 1966-ல் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் பென்சனின் சின்னக் குழு: கிட்டார், ஆர்கன், டிரம்ஸ், இவர். பிறகு எட்டி பல்மியேரியின் லத்தீன் இசை. 1976 டிசம்பரில் பல்லேடியம் அரங்கில் ஃபிராங்க் ஸப்பாவின் ராக் கச்சேரிகள்! அந்தந்த இசையின் நடையைப் பிடித்துக்கொண்டார், ஆனால் தன் சாக்ஸ்போனின் அந்தக் கரகரத்த ஒலியை எங்கேயும் மாற்றவில்லை. பல வகை வாசிப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. முதல் சில நொடிகளிலேயே ஆளை அடையாளம் சொல்ல முடிகிறவர்கள் குறைவு.

~

மேலே எழுதியவருக்கு நன்றி. நானும் பாரிட்டோன் வாசிக்கிறேன், அதனால் கொஞ்சம் சேர்க்கிறேன். கியூபர் முதலில் டெனர்தான் வாசித்தார். 1959-ல் நியூபோர்ட் இளைஞர் ஜாஸ் குழுவில் சேர்ந்தபோது அதை நடத்திய மார்ஷல் பிரவுன் அவரை பாரிட்டோனுக்கு மாற்றினார். அவருடைய வேகத்துக்கு வேர் அந்த டெனர் வாசிப்பில்தான் என்று நினைக்கிறேன். பாரிட்டோனில் கீழ்ச் சுரங்களுக்கு மூச்சு மளமளவென்று கரையும், கழுத்துப் பட்டை வேறு இழுக்கும். நீளமான வரியை முடிப்பதே பெரிய பாடு. அவர் அந்த மூச்சை எங்கே எடுக்கிறார் என்று காது கொடுத்துக் கேளுங்கள். நான் இன்னும் அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இத்தனை பேருக்கு வாசித்தவர் தன் பெயரில் முதல் தட்டு போட்டது 34 வயதில்: 1976-ல் பதிவான ‘கியூபர் லிப்ரே’. பியானோவில் பேரி ஹாரிஸ். புதிதாகக் கேட்பவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். 2022 அக்டோபரில் அவர் இறந்தபோது செய்தி அவ்வளவாகப் பரவவில்லை. எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

எண்பதுகளில் டிரம்ஸ் கலைஞர் ஸ்டீவ் காட்டின் ‘காட் கேங்’ குழுவில் ஒரே ஊதுவாத்தியக்காரர் இவர்தான். அந்தக் குழுவின் கச்சேரியை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.