எண்ணெய் ஊறின மண்ணுக்கு பாக்டீரியா பவுடர் வாங்கலாமா?

எர்ணாவூர் பக்கம் வீடுங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தோட வந்த எண்ணெய் கொல்லை மண்ணுல ஊறிப்போச்சு, தோண்டினா இன்னும் டீசல் வாடை. அம்மா முருங்கை வைக்கணும்னு நிக்கிறாங்க.

‘எண்ணெய் தின்னும் பாக்டீரியா’ன்னு பவுடர் விக்கிறாங்க. தண்டச் செலவுன்னுதான் எனக்குத் தோணுது. அந்த மாதிரி கிருமிங்க மண்ணுலயே இருக்கு. காத்து, தழைச்சத்து, மணிச்சத்துதான் பத்தாது. 1989-ல எக்ஸான் வால்டிஸ் கப்பல்ல இருந்து எண்ணெய் கசிஞ்சதுக்கப்புறம் அலாஸ்கா கரையில உரம் போட்டதும் இதுக்குத்தானே?

மண்ணைக் கொத்திவிட்டு, தொழு உரம், கொஞ்சம் யூரியா போட்டு ஈரமா வைக்கலாம்னு இருக்கேன். செஞ்சு பாத்தவங்க இருக்கீங்களா? யூரியா எவ்வளவு போடலாம்? எண்ணெய் அளவோட ஈயம், காட்மியமும் பாத்துச் சொல்ற லேப் சென்னையில எங்க இருக்கு? உலோகத்தை எந்தக் கிருமியும் தின்னு தீர்க்காது, அதான் கேக்குறேன்.