சிலுவை சுமக்கிறவர்கள் சோர்ந்து போனால் அது அவிசுவாசமா?

பனித்துளி:
அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இந்த ஜூலையோடு ஐந்து வருஷம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. வேலையை விட்டுவிட்டு நான்தான் பார்த்துக்கொள்கிறேன், படுக்கைப்புண் வந்துவிடக்கூடாதே என்று ராத்திரியிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை எழுந்து புரட்டிப் படுக்க வைக்கிறேன். அம்மா மேல் எனக்குக் கோபமே கிடையாது. ஆனால் கொஞ்ச நாளாக ஜெபம் பண்ண முழங்காலில் நின்றால் ஒரு வார்த்தை வருவதில்லை, அழுகைதான் வருகிறது. சபையில் சொன்னால், "இது உன் சிலுவை, முறுமுறுக்காமல் சுமக்கணும்" என்கிறார்கள். அப்படியென்றால் இவ்வளவு நாள் செய்ததெல்லாம் வீணா? விசுவாசத்தில் நின்றவர்கள் யாருமே சோர்ந்ததில்லையா? தயவுசெய்து வெறும் வசனத்தை மட்டும் அனுப்பாதீர்கள்.

களக்காட்டான்:
தங்கச்சி, எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் தோனாவூர். அங்கே ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். அயர்லாந்தில் பிறந்து 1895-ல் இந்தியா வந்தவர், 1951-ல் இறக்கும்வரை ஒருதடவைகூட ஊர் திரும்பவில்லை. 1901-ல் கோவிலிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமிக்கு அடைக்கலம் கொடுத்ததில் தொடங்கி, நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அம்மா ஆனார். தியாகம் என்றால் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். எனக்கு அதற்கு அப்புறம் நடந்ததுதான் பெரிதாகப் படுகிறது. 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் உடைந்தது, அதிலிருந்து கிட்டத்தட்ட இருபது வருஷம் அறையும் படுக்கையும்தான். ஓடியாடி உழைத்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! நல்ல உடம்போடு இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் தன் மனதைத் தொடவில்லை என்று அவரே வெளிப்படையாக எழுதினார், அதனால்தான் படுக்கையில் இருந்தபடியே நோயாளிகளுக்காக எழுதினார். உன் சபையில் முறுமுறுக்காதே என்கிறவர்களில் எத்தனை பேர் ஒரு ராத்திரியாவது உன் வீட்டில் கண்விழித்திருக்கிறார்கள்?

தெற்குக்காற்று:
நான் கத்தோலிக்கன், குமரி மாவட்டம். புனித தேவசகாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஞானஸ்நானத்துக்கு முன் நீலகண்ட பிள்ளை என்ற பெயரில் இருந்தபோது மாடுகள் செத்து, பயிர் போய், மனம் உடைந்து கிடந்தார். அப்போது டச்சுப் படைத் தளபதியாக இருந்த டிலனாய் அவருக்குச் சொன்னது, பைபிளில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் கதை. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கினார், அதன்பின் சிறை, அடி, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப்போன அவமானம், கடைசியில் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். இவ்வளவுக்கும் அவரைத் தயார்படுத்தியது அந்த யோபுதான். அந்த யோபு என்ன வாயை மூடிக்கொண்டா இருந்தார்? பிறந்த நாளையே சபித்தார், கடவுளிடம் நேருக்கு நேர் வழக்காடினார். முடிவில் ஆண்டவர் கண்டித்தது ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களைத்தான், யோபு பேசினதுபோல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று. ஒன்று மட்டும் சொல்லணும், தேவசகாயம் விசுவாசத்தை மறுதலித்திருந்தால் தப்பித்திருக்கலாம், அது அவர் தெரிந்தே ஏற்ற சிலுவை. உங்கள் அம்மாவின் நோய் யாரும் கேட்டு வந்ததல்ல. அம்மாவை விட்டுப் போகாமல் இருக்கிறீர்களே, அதுதான் நீங்கள் ஏற்றுக்கொண்டது. இரண்டையும் போட்டுக் குழப்பி உங்களைக் குற்றவாளி ஆக்க விடாதீர்கள்.

வார்டு அக்கா:
இருபத்திரண்டு வருஷமாக நர்ஸாக இருக்கிறேன்மா. பைபிளில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டபோது, தேவன் அவரைத் திட்டவில்லை. தூங்க விட்டார். தூதன் தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், திரும்பவும் தூங்க விட்டார், திரும்பவும் சாப்பாடு. "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று சொன்னதே அந்த இரண்டாவது சாப்பாட்டின்போதுதான். ஐந்து வருஷம் சரியாகத் தூங்காத உடம்பு உன்னுடையது. வார்த்தை வராததை அவிசுவாசம் என்று நான் நினைக்கவே மாட்டேன், முதலில் தூக்கம் வேண்டும்.

சிலுவை என்கிறவர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்து: இயேசுவின் சிலுவையையே சிரேனே ஊர் சீமோன் சுமந்தார். உனக்கும் ஒரு சீமோன் வேணும். நீ தமிழ்நாடு என்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோயாளியைப் பார்க்கிறார்கள், பிசியோதெரபியும் உண்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேள். படுக்கைப்புண் வராமல் இருக்கப் போடும் காற்று மெத்தை, ஏர் பெட், இருக்கிறதா? இல்லையென்றால் சபையில் சிலுவையைப் பற்றிப் பேசுகிறவர்களிடமே வாங்கித் தரச் சொல்லிக் கேள், இதில் கூச்சமே வேண்டாம். அப்புறம் கூடப் பிறந்தவர்கள் இருந்தால் வாரத்தில் இரண்டு ராத்திரி அவர்கள் பார்க்கட்டும்.

பனித்துளி:
மூன்று பேருக்கும் நன்றி. யோபுவின் நண்பர்களைப் பற்றிப் படித்ததும் ரொம்ப நேரம் அழுதேன், ஆனால் இது வேற அழுகை. ஏர் பெட் இல்லை அக்கா, பழைய இலவம்பஞ்சு மெத்தைதான். தம்பிக்கு இப்போதே போன் போட்டேன், சனி, ஞாயிறு ராத்திரி வந்து படுப்பதாகச் சொல்லியிருக்கிறான். அவனுக்கு அம்மாவைப் புரட்டத் தெரியாது. முதுகு வலிக்காமல் எப்படிப் புரட்டணும் என்று கொஞ்சம் விவரமாக எழுதுவீர்களா, அவனுக்கு அப்படியே அனுப்பிவிடுகிறேன்.