பூஃபாடையினோலைடு: தேரையை விட்டுவிடலாமே

வணக்கம் ஐயா. பூஃபாடையினோலைடு என்ற வேதிச்சேர்ம வகைக்குத் தமிழ்ச்சொல்லாக நீங்கள் முன்வைத்த 'தேரைநஞ்சியம்' மூலத்துக்கு உண்மையான சொல்தான், பூஃபோ என்றால் லத்தீனில் தேரை. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை.

தேரைத் தோலின் சுரப்பில் கிடைப்பதால் அந்தப் பெயர் வந்தது. நாம் பேசுவதோ ரணகள்ளிச் செடியைப் பற்றி. அதன் இலையிலும் நரிவெங்காயத்திலும் இந்த வகைச் சேர்மங்கள்தான் இருக்கின்றன. 'இலையில் தேரைநஞ்சியம் உள்ளது' என்று படிக்கும் மாணவர் முதலில் தேரையைத்தான் தேடுவார். ரணகள்ளி என்ற பெயரும் இப்படித்தான்: அது கள்ளிக் குடும்பமே இல்லை, கிள்ளினால் பாலும் வராது. மக்கள் வைத்த பெயரை மாற்றக் கூடாது, சரி, ஆனால் புதிதாகச் செய்யும் சொல்லில் அதே குழப்பம் எதற்கு?

அப்புறம் அந்த 'நஞ்சு'. இந்தச் சேர்மங்கள் உயிரணுச் சவ்விலுள்ள சோடியம்-பொட்டாசியம் எக்கியை (சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் புரதத்தை) தடுக்கின்றன, அளவு குறைவாக இருந்தால் இதயத் தசை வலுவாகச் சுருங்கும், கூடினால் துடிப்பின் ஒழுங்கே கெட்டுவிடும். ஆஸ்திரேலியாவில் ரணகள்ளியின் உறவுச் செடிகளைப் பூக்கும் பருவத்தில் மேய்ந்த மாடுகள் செத்திருக்கின்றன. நாட்டு மருத்துவத்தில் புண்ணுக்கு அரைத்துப் போடுவதும் சிறுநீரகக் கல்லுக்குக் கொடுப்பதும் ரணகள்ளி இலையைத்தான். எனவே நஞ்சு, மருந்து என்ற தீர்ப்பு எதுவும் சொல்லுக்குள் வேண்டாம், அமைப்பை மட்டும் சொல்வோம்.

அமைப்பில் இருப்பது என்ன? ஸ்டீராய்டு உடலோடு, அதாவது ஒன்றோடொன்று இணைந்த நான்கு கார்பன் வளையங்களோடு, ஒட்டிய ஒரு லாக்டோன் வளையம், அதில் ஐந்து கார்பன், ஓர் ஆக்சிஜன், ஆக ஆறு அணுக்கள். இதே போல இதயத்தில் வேலை செய்யும் உறவுச் சேர்ம வகையான கார்டினோலைடில் அந்த வளையத்தில் ஐந்தே அணுக்கள். 'அறுவளையம்' என்று எழுதினால் ஆறு வளையங்கள் என்று பொருள்படும், அது தவறு. சங்கிலியின் ஒவ்வொரு துண்டையும் கண்ணி என்கிறோமே, அதை எடுத்துக்கொண்டு பூஃபாடையினோலைடை அறுகண்ணியம் என்றும் கார்டினோலைடை ஐங்கண்ணியம் என்றும் சொல்லலாம். 'அறு' என்றதும் அறுந்துபோன கண்ணி நினைவுக்கு வருமோ என்று யோசித்தேன், அறுசுவையையும் அறுகோணத்தையும் யாரும் அப்படிப் படிப்பதில்லை. ரணகள்ளியில் இருக்கும் ஒரு சேர்மத்தை வைத்து 'பிரையோஃபில்லின் ஏ ஓர் அறுகண்ணியம்' என்று எழுதிப் பார்த்தேன், வாக்கியம் இடறவில்லை.

ஒன்று மட்டும் முடிவாகவில்லை. சர்க்கரை ஒட்டிய வடிவத்துக்குத் தனிச்சொல் செய்வதா, 'அறுகண்ணியக் கிளைக்கோசைடு' என்றே விடுவதா? எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது.