விறைப்பு வரதுக்கு அந்த இடத்துலயே (ஆணுறுப்புல) போடற ஊசி: போட்டுப் பாத்தவங்க இருந்தா உங்க அனுபவம் சொல்லுங்க

ஈரோட்டுக்காரன்:
வயாக்ரா மாத்திரை கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், 50, 100னு டோஸ் ஏத்தியும் வேலை செய்யாம போன கேசு நான், வயசு 54, சுகர் 16 வருஷமா. அதனால நேரா ஊசிக்கு வரேன். மொத ஊசி டாக்டரே அவர் ரூம்ல போட்டு, டோஸ் பாத்து, அப்பறம் மூணு மருந்து கலந்த டிரைமிக்ஸ் ஒரு சின்ன பாட்டில் குடுத்து பிரிட்ஜ்ல வச்சுக்கோங்கன்னு அனுப்பிட்டார். வலி பத்தி கேக்காதீங்க, தினம் ரெண்டு தடவ வயித்துல குத்திக்கிறவனுக்கு அது கொசுக்கடி, அதே இன்சுலின் சிரிஞ்சுதான். என் பிரச்சனை வேற. வீட்ல சொல்லல. பாட்டில இன்சுலினோட சேத்து பிரிட்ஜ் கதவுல வச்சுட்டேன், அவளும் இது வேற ஏதோ இன்சுலின்னு விட்டுட்டா. அன்னிக்கு நைட்டு பத்தரை இருக்கும், பாத்ரூம்ல போட்டுட்டு பஞ்ச வச்சு அமுக்கிட்டு வெளிய வரேன், கையில தட்டோட நிக்கிறா, ரெண்டு மாரி பிஸ்கட்டு, ஒரு டம்ளர் தண்ணி. "சாப்ட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சு, இப்ப போய் ஊசி போட்டா சுகர் லோ ஆயிடாதா, இத தின்னுட்டு படுங்க"ங்கறா. என்னத்த சொல்ல. கட்டில்ல உக்காந்து தின்னேன். ரெண்டாவது பிஸ்கட்டு முடியறதுக்குள்ள மருந்து வேலைய காட்ட ஆரம்பிச்சுடுச்சு. எல்லாம் நல்லாத்தான் நடந்துச்சு, நாலு வருஷத்துக்கப்பறம். ஆனா அந்த பிஸ்கட்டு இன்னும் தொண்டைலயே நிக்குது. இப்ப ரெண்டாவது பாட்டில், இன்னும் சொல்லல. வேற யாராவது இப்படி மறைச்சுப் போடறீங்களா?

தாம்பரம்41:
சார் உங்களுக்கு பிஸ்கட்டு, எனக்கு கேஷுவாலிட்டி. நானா போட்டுக்கல, டாப்ளர் ஸ்கேனுக்குன்னு போட்டாங்க. பப்பாவரின்னு ஒரு மருந்து போட்டு, விறைக்க வச்சு ரத்த ஓட்டம் பாப்பாங்களே, அது. ஸ்கேன் முடிஞ்சதும் "தானா சரியாயிடும், கெளம்புங்க"ன்னுட்டாங்க. எவ்ளோ நேரத்துல சரியாகணும், ஆகலன்னா எங்க போகணும், ஒரு வார்த்த கெடையாது. மாம்பலத்துல ட்ரெயின் ஏறி பேக்க மடில வச்சு உக்காந்துட்டேன், பல்லாவரம் தாண்டி ஒரு பாட்டி வந்து பக்கத்துல நின்னு எடம் கேக்குது, நான் எப்படி எழுந்திருக்கறது? கேக்காத மாதிரி ஜன்னல பாத்துட்டு இருந்தேன். "படிச்சவன் மாதிரி இருக்கான், பாரு"ன்னு அந்தம்மா பெட்டி முழுக்க கேக்கற மாதிரி சொல்லிச்சு. வீட்டுக்கு வந்து ஐஸ் வச்சேன், மாடிப்படி பத்து தடவ ஏறி எறங்கினேன், ம்ஹூம். ஏழு மணி நேரம் ஆயிடுச்சு, வலி தாங்கல, அப்பறம்தான் ஆஸ்பத்திரி. டூட்டி டாக்டர் சின்ன பையன், மொத கேள்வியே "எத்தன மணிக்கு போட்டாங்க?" எனக்கு கரெக்டா சொல்லத் தெரியல. ஊசி குத்தி ரத்தத்த இழுத்தாங்க, நாவப்பழத்த கசக்கின கலர்ல வந்துச்சு, உள்ளயே தேங்கி ஆக்சிஜன் போன ரத்தமாம். அப்பறம் பீனைல்எப்ரின்னு ரத்தக்குழாய சுருக்கற மருந்து ஒண்ணு கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினாங்க, கைல பிபி மெஷின் மாட்டி பாத்துக்கிட்டே. வெளிய தம்பி நிக்கிறான், அவன்கிட்ட கிட்னி ஸ்டோன்னு சொல்லி வச்சிருந்தேன். நாலு மணி நேரம் தாண்டினா வெக்கம் பாக்காம ஓடிடுங்க. அந்த பாட்டிதான் இன்னும் மனசுல நிக்குது.

ரிட்டயர்டு ரெப்:
தம்பி, சும்மா பயமுறுத்தாதீங்க. உங்களுக்கு ரத்தக்குழாய், நரம்பு எல்லாம் நல்லா இருந்திருக்கும், வெறும் டென்ஷன் கேசு, அந்த மாதிரி ஆளுங்களுக்கு கொஞ்சம் மருந்தே ஜாஸ்தி. அதுலயும் தனி பப்பாவரின்னா இறங்காம நிக்கிறது அதிகம், அல்ப்ரோஸ்டாடில்னு இன்னொரு ஊசி மருந்து, அதுல கம்மி. தப்பு மருந்து மேல இல்ல, சொல்லாம அனுப்பினவங்க மேல. என் கதை ரெண்டு வரி: பைபாஸ் ஆன ஆளு, நெஞ்சு வலிக்கு சார்பிட்ரேட் எடுக்கறேன், அதனால மாத்திரை தொடவே கூடாது, சேந்தா பிபி பாதாளத்துக்குப் போயிடும். ஆறு வருஷமா ஊசிதான், ஒரு தொந்தரவும் இல்ல.

இப்ப எல்லாரும் கேட்டுக்கோங்க. மேல் பக்கம் நடுவுல குத்தாதீங்க, அங்க நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுது, அடில மூத்திரக்குழாய். கடிகாரத்துல பத்து மணி, ரெண்டு மணி, அந்த சைடு. இன்னிக்கு வலதுன்னா அடுத்த தடவ இடது. நீலமா வெய்ன் தெரிஞ்சா அத விட்டு பக்கத்துல குத்துங்க. அஞ்சு நிமிஷம் அமுக்கணும், ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை எடுக்கறவங்க இன்னும் கொஞ்சம் நேரம், முக்கியமா அவங்க டாக்டர கேக்காம ஆரம்பிக்கவே கூடாது. வாரத்துல மூணுக்கு மேல வேண்டாம், நடுவுல 24 மணி நேரம் கேப். மொத ஊசி எடுக்கலன்னு அன்னிக்கே ரெண்டாவது போடறது, கூட மாத்திரைய முழுங்கறது, ரெண்டும் முட்டாள்தனம். உள்ள கட்டி மாதிரி தட்டுப்பட்டாலோ வளைஞ்சாலோ நிறுத்திட்டு காட்டுங்க.

இன்னொண்ணு. இது நேத்து வந்த மருந்து இல்ல. 1982ல பாரிஸ்ல விராக்னு ஒரு சர்ஜன் பப்பாவரின் பத்தி எழுதினார். அடுத்த வருஷம் லாஸ் வேகஸ்ல பிரிண்ட்லின்னு பிரிட்டிஷ்காரர், வயசு அம்பதுக்கு மேல, தனக்குத்தானே ஊசி போட்டுக்கிட்டு வந்து, டாக்டருங்க கூட்டத்துல மேடையிலயே பேண்ட்ட எறக்கி காட்டிட்டார். அந்த மனுஷன் ஊருக்கே காட்டினார், ஈரோட்டுக்காரர் சொந்த சம்சாரத்துக்கு சொல்ல வெக்கப்படறார். நல்லா இருக்கு.

தாம்பரம்41:
ஐயா டென்ஷன் கேசுன்னு நீங்க எப்படி முடிவு பண்ணீங்க, ரிப்போர்ட்ட நீங்க பாத்தீங்களா? (ரிப்போர்ட்லயும் அப்படித்தான் இருந்துச்சு, அது வேற விஷயம்.)

லண்டன் அண்ணை:
கொசுக்கடி எண்டு எழுதின தம்பிக்கும், ஒரு தொந்தரவும் இல்லை எண்ட ஐயாவுக்கும் ஒண்டு சொல்லவேணும், எல்லாற்ற உடம்பும் ஒண்டில்லை. எனக்கு 2019இல புரோஸ்டேட் ஒப்பரேசன், அதில நரம்பு பழுதாப்போட்டுது, குளிசை சரிவரேல்லை. கிளினிக்கில ஒரு நேர்ஸ் பிள்ளை, என்ர மகளின்ர வயசிருக்கும், பொடியையும் தண்ணியையும் கலக்கிறதில இருந்து பழக்கினவ, அல்ப்ரோஸ்டாடில். குத்தேக்க ஒண்டும் தெரியேல்லை. பத்து நிமிசத்தால தொடங்கிச்சுது பாருங்கோ ஒரு உளைவு, பல்லுக்கொதி மாதிரி, ஆனா பல்லில இல்லை. எல்லாம் எழும்பி நிக்குது, நான் கதிரையில மடங்கிப்போய் இருக்கிறன். மனிசி சுடுதண்ணிப் போத்தலோட ஓடி வந்தா, எங்க வைக்கிறது எண்டு தெரியாமல் ரெண்டு பேரும் ஆளையாள் பாத்து சிரிச்சுப்போட்டம். முப்பத்தெட்டு வருசக் கலியாணத்தில அப்பிடிச் சிரிச்சது குறைவு. இந்த ஒப்பரேசன் செய்த ஆக்களுக்கு அந்த மருந்து கூட உளையுமாம், பிறகு இன்விகோர்ப் எண்ட வேற ஊசிக்கு மாத்தினவை, அது பரவாயில்லை. சொல்லாமலும் விடலாம், ஆனா அண்டைக்கு மனிசி பக்கத்தில இல்லாட்டி நான் ஊசியை விட்டிருப்பன்.

சும்மா படிக்கிறவ:
இங்க பொம்பளைங்க எழுதலாமான்னு தெரியல, எழுதறேன். எங்க வீட்ல நாந்தான் போட்டு விடறேன். அவருக்கு தொப்பை, குனிஞ்சா ஒண்ணும் தெரியாது, மொத நாள் கண்ணாடி முன்னாடி நின்னு போடறேன்னு தொடைல குத்திக்கிட்டார். அப்பறம் டாக்டர் என்னையும் உள்ள கூப்ட்டு சொல்லிக்குடுத்தார். மொத தடவ எனக்குத்தான் கை நடுங்குச்சு, அவர் ஃபேன பாத்துக்கிட்டு "போடுடி, போடுடி"ன்னு கெடந்தார்.

ஈரோட்டு அண்ணாவுக்கு ஒண்ணே ஒண்ணு. இத்தன வருஷமா இன்சுலின ஹால்லயோ டைனிங் டேபிள்லயோதான போட்டிருப்பீங்க? அன்னிக்கு மட்டும் பாத்ரூம் கதவ சாத்திட்டுப் போட்டா அண்ணிக்கு தெரியாதா? பிஸ்கட்டு லோ சுகருக்கு இல்லண்ணா.

ஈரோட்டுக்காரன்:
தங்கச்சி எழுதினத படிச்சுட்டு இப்பத்தான் போய் பிரிட்ஜ தொறந்து பாத்தேன். இன்சுலின் எல்லாம் கதவுலயே இருக்கு. அது மட்டும் உள்தட்டுல, பேரப்பிள்ள கை எட்டாத எடத்துல, மூடி போட்ட ஒரு சின்ன எவர்சில்வர் டப்பால இருக்கு. நான் வைக்கல.