பினாங்கை விட்டுக் கிளம்பும் முன் பி. ரம்லி என்ன செய்துகொண்டிருந்தார்?

செந்தூல் அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் மூன்றாம் படிவம் படிக்கிறாள். பள்ளித் தமிழ்மொழிக் கழகத்தில் ஒரு நடிகரின் இளமைக்காலத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். ரஜினி பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்த கதையை ஏற்கெனவே நாலு பிள்ளைகள் எடுத்துவிட்டார்களாம். நம் மலேசியக் கலைஞர் ஒருவரைப் பற்றிப் பேசேன் என்று நான்தான் மலாய் சினிமா நடிகரும் பாடகருமான பி. ரம்லி பெயரைச் சொன்னேன். இப்போது குழப்பம். அவர் முதலில் பெச்சா (சைக்கிள் ரிக்‌ஷா) மிதித்துக்கொண்டிருந்தார் என்கிறார் என் அப்பா. வானொலிப் பாட்டுப் போட்டியில் கண்டுபிடித்தார்கள் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. எது சரி? தமிழ்ப் பிள்ளைகள் கூட்டத்தில் பேச, நம்மோடு ஒட்டுகிற விஷயம் ஏதாவது உண்டா?

தீவுக்காரன் எழுதியது:

சகோதரி, பெச்சா மிதித்தது படத்தில். 1955-இல் வந்த 'பெனாரெக் பெச்சா'வில் அவர் பெச்சாக்காரராக நடித்தார். அவர் இயக்கிய முதல் படமும் அதுதான். அந்த வேடம் மனசில் அப்படி ஒட்டிக்கொண்டதால், பெரியவர்கள் சிலர் அதையே அவர் வாழ்க்கையாகச் சொல்வார்கள்.

நான் பினாங்கில் டத்தோ கெராமாட் பக்கம் வளர்ந்தவன். அவர் பிறந்த வீடு எங்களுக்கு நடந்து போகும் தூரம். கவுண்டர் ஹால் ரோடு என்று இருந்ததுதான் இப்போது ஜாலான் பி. ரம்லி. 1926-இல் கட்டிய பலகை வீடு, தூண்கள் மேல் நிற்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் காலடியில் பலகை முனகும். கூடத்தில் நாலு பேர் வசதியாக உட்காரலாம், அவ்வளவுதான் இடம். வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் அங்கே கூட்டிப்போகாமல் அனுப்பமாட்டேன்.

1929 மார்ச் 22-இல் அங்கே பிறந்தார். அப்பா இந்தோனேசியாவின் ஆச்சேயிலிருந்து வந்த மாலுமி, பெயர் தெயுக்கு ஞாக் புத்தே. அம்மா பட்டர்வொர்த் பக்கம். அப்பா பெயரில் வரும் 'புத்தே'யின் முதல் எழுத்துதான் அந்த 'பி', நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இனிஷியல் போடுவதைப் போல. கம்போங் ஜாவா மலாய்ப் பள்ளி, பிரான்சிஸ் லைட் பள்ளி, அப்புறம் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல். 1941 கடைசியில் ஜப்பான்காரன் வந்ததும் படிப்பு தடைபட்டது. கடற்படைக்கு ஆள் தயார்படுத்த ஜப்பானியர் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஜப்பானியப் பாட்டும் கற்றுக்கொண்டார்.

உங்கள் மகள் அழுத்திச் சொல்ல வேண்டியது இதற்குப் பிறகு வருவதைத்தான். 'திடீரென்று கண்டுபிடிக்கப்பட்டார்' என்று சொல்லிவிட்டால் அந்த உழைப்பு முழுக்கக் காணாமல் போய்விடும். கமாருடின் என்ற இசை ஆசிரியரிடம் நோட்ஸ் பார்த்து வாசிக்கப் படித்தார். வயலின் பழகினார். பையன்களோடு சேர்ந்து இசைக்குழு நடத்தினார். போருக்குப் பிறகு வானொலிப் போட்டிகளில் விடாமல் பாடி 1947-இல் வட மலாயாவின் சிறந்த பாடகரானார். உங்கள் அக்கா சொல்வது அந்த வகையில் சரி. ஆனால் சினிமா வாய்ப்பு அங்கே வரவில்லை. 1948-இல் புக்கிட் மெர்தாஜாமில் நடந்த விவசாயக் கண்காட்சியில் பாடியபோதுதான் இயக்குநர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ் காதில் அந்தக் குரல் விழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சிங்கப்பூர், ஜாலான் அம்பாஸ், ஷா பிரதர்ஸ் ஸ்டூடியோ. அப்போது வயது 19.

போனதும் ஹீரோ ஆகிவிடவில்லை. 'சிந்தா' படத்தில் கதாநாயகன் ரூமாய் நூர். ரம்லி அவருக்குப் பின்னணி பாடினார், சின்ன வில்லன் வேடமும் கிடைத்தது. முகம் ஒருவருடையது, குரல் இவருடையது. இருபது வயது கூட ஆகாத ஒரு பையன் அதை ஏற்றுக்கொண்டு பாடிக்கொண்டே நடிப்பையும் படித்தான் என்பது எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயம்.

நம்மோடு ஒட்டுவது எது என்று கேட்டீர்கள். 1950-இல் 'பக்தி' படத்தில் அவரை முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன். சென்னையில் பிறந்து, சின்ன வயதிலேயே பினாங்குக்கு வந்து வளர்ந்தவர். அவர் இயக்கிய முதல் படமும் அதுதான். ஒரே ஊர்ப் பையன்கள் இருவர், ஒருவருக்கு முதல் ஹீரோ வேடம், இன்னொருவருக்கு முதல் இயக்கம்! நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கு இதில் உண்மையிலேயே ஆதங்கம் உண்டு.

செத்தாபாக் குமார் எழுதியது:

தீவுக்காரன் அண்ணே சொன்னதோடு ஒன்று. அக்கா, நீங்கள் இருப்பது செந்தூலில்தானே? பினாங்கு வரை போக முடியாவிட்டால் செத்தாபாக்குக்கு வாருங்கள். 1964-இல் சிங்கப்பூரை விட்டு கோலாலம்பூர் வந்தபின் அவர் குடியிருந்த வீடு இங்கேதான், ஜாலான் டெடாப்பில். இப்போது அது நினைவகம். 1973 மே 29-இல் இறந்தபோது அவருக்கு 44 வயதுதான். மகள் பேசப்போவது இளமைக்காலம் என்றாலும், அவர் பொருள்களை நேரில் பார்த்துவிட்டுப் பேசினால் பேச்சில் உயிர் இருக்கும்.

செந்தூல் அம்மா எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை செத்தாபாக் போகிறோம், அப்பாவும் வருகிறாராம். பேச்சை புக்கிட் மெர்தாஜாம் கண்காட்சியிலிருந்து தொடங்கப்போகிறாள். தீவுக்காரன் அண்ணே, நடுவில் ஒரு பாட்டு இரண்டு வரி பாடலாமா என்று கேட்கிறாள். எதைப் பாடலாம்?

தீவுக்காரன் எழுதியது:

'அசிசா' பாடச் சொல்லுங்கள். பினாங்கில் இருந்த காலத்திலேயே அவர் மெட்டமைத்த பாட்டு, பிறகு 'பெனாரெக் பெச்சா'வில் சேர்த்தார். உங்கள் அப்பாவுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும், அவரையே சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள்.